கொம்பு கட்டி இறங்கும் பாதை

போடிநாயக்கனூர்
17-1-1955

மலைமேல் கொலுவீற்றிருக்கும் மருமகள் சந்திரவல்லிக்கு, போடி பஜாரின் பஞ்சர் வேந்தனும், வாடகைச் சைக்கிள்களின் ஏக சக்கரவர்த்தியும், உன் அம்மா பாண்டியம்மாளின் ஒரே தம்பியுமாகிய பால்சாமி, கடை ஸ்டூல் என்னும் சிம்மாசனத்திலிருந்து எழுதும் ஓலை.

நலம் விசாரிக்கும் சடங்கை இந்தத் தடவை ஒத்திவைக்கிறேன். சமாசாரத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு ஓர் இருமல். லேசான இருமல் என்று சொன்னால் அந்த இருமலே கோபித்துக்கொள்ளும். நேற்று அவள் இருமியதைக் கேட்டு, மதுரை ரயில் கிளம்புகிறது என்று நினைத்து, மேலத்தெருவில் நாலு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனுக்கு ஓடியது. மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. பொங்கல் அன்றைக்குக்கூடக் கட்டிலில் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டாள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிதான் பானையை ஏற்றி இறக்கினாள்.

ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயேன் ஆத்தா.

பஸ்சில் வேண்டாம். பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, ஏலக்காய் மண்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் உன் அப்பா வீரணன். மலையிலிருந்து ஓர் ஈ இறங்கினாலும் அது எந்த எஸ்டேட் ஈ என்று சொல்லக்கூடிய மகான். அடிவாரத்தில் முந்தலிலும் அவருடைய ஆட்கள் லோடுக்குக் காத்து நிற்கிறார்கள். ஆகையினால் உனக்காக ஒரு ராஜபாட்டை கண்டுபிடித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, கொட்டகுடி ஆற்றோரமாகக் குரங்கணி வரைக்கும் சைக்கிளில் போய் வந்தேன். அந்த ரோடு முழுவதையும் என் பின்புறத்தால் அளந்துவிட்டேன். எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று இப்போதும் அது சொல்லும். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் பாறைக்குப் பாறை தாவும் ஆறு, ஆற்றுக்கும் மலைக்கும் இடையில் யாரோ செருகி வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி ரோடு. லாரி இல்லை, ஜீப்பு இல்லை, மனுஷ வாடையே இல்லை. நான் பெல்லை ஒரு தடவைதான் அடித்தேன். அந்த மலை வாங்கி இந்த மலைக்குக் கொடுக்க, இது அதற்குத் திருப்பிக் கொடுக்க, நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பும்போது ஓர் ஆனை ரோட்டோரமாக நின்று, “அண்ணே, கேரியர் காலியா?” என்று கேட்டது. டயர் பழசு என்று சொல்லி நழுவிவிட்டேன்.

மாப்பிள்ளை ராமரிடம் கலந்து பேசிப் பதில் எழுது.

பால்சாமி

*

நெடும்பாறை எஸ்டேட்
குரங்கணிக்கு மேல்
23-1-1955

மாமாவுக்கு சந்திரவல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் சத்தமாக வாசித்தார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாக வாசித்தேன். சிரிப்பு வரவில்லை.

அம்மா எழுந்து நடக்கிறாளா, இல்லையா? நாலு குடும்பம் ரயிலுக்கு ஓடியதில் எனக்கு என்ன தெரியும்? நீங்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டால் மிச்சம் உண்மை என்று அம்மா சொல்லுவாள். எந்தப் பாதியைத் தள்ளுவது என்று அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் வர முடியாது. உங்களுக்கும் தெரியும். மண்டிக்கு மூட்டை இறக்க வந்தவரைக் கட்டிக்கொண்டேன் என்பதற்காக, அப்பா மண்டி முன்னால் அத்தனை பேர் பார்க்கச் சொன்னார்: “அவ இந்த வீட்டுக்குள்ள கால் வச்சா, அன்னையிலருந்து நான் தலைவாசல மிதிக்க மாட்டேன்.” மூன்று வருஷமாயிற்று. அவர் சொன்ன சொல்லை மாற்றி யாராவது பார்த்திருக்கிறார்களா? என்னைப் பார்க்க அம்மாவுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்குப் பிறகு, சீக்காளியான அவளைத் தனியாகப் போட்டுவிட்டு அவர் வெளியே போய்விடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்கு அது பெரிய விலை மாமா.

ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அம்மா கூப்பிட்டாளா, நீங்களாகக் கூப்பிடுகிறீர்களா?

சந்திரவல்லி

*

போடி
30-1-1955

கோபத்தில் உன் அப்பாவையே தோற்கடிக்கும் வீராங்கனைக்கு,

உன் கடிதத்தைத் திறந்ததும் வந்த அனலில் கடையில் இரண்டு டியூப் தானாக ஒட்டிக்கொண்டது. சொல்யூஷன் மிச்சம்.

கேட்டதற்குப் பதில். உன் அம்மா கூப்பிடவில்லை. “சந்திராவ வரச்சொல்லி எழுதட்டாக்கா?” என்று நான்தான் கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: “எழுதாதடா. அவரு சொன்னா சொன்னதுதான். இந்த வயசுல வெளிய போயி எங்க சாப்பிடுவாரு? ஓட்டல் கொழம்பு அவருக்கு ஒத்துக்கிறாது.” அதற்குப் பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, மலைப்பக்கம் பார்த்த ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். புழுக்கமாக இருக்கிறதாம். தை மாசத்தில் புழுக்கம்.

இப்போது பாதையைக் கேள். கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

உங்கள் எஸ்டேட்டிலிருந்து குரங்கணி வரைக்கும் ஜீப்பு போகிற மண்ரோடு. அந்த இறக்கத்தில் பிரேக்கை நம்புகிறவன் நேரே கைலாசம் போய், அங்கேயும் நிற்க முடியாமல் அடுத்த லோகத்துக்குள் நுழைவான். மாப்பிள்ளைக்குத் தெரியாததில்லை. மலைச் சனம் எல்லோரும் செய்கிற மாதிரி இலையும் தழையுமாக ஒரு மரக்கொம்பை வெட்டிக் கேரியருக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல். அது தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தால் வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும். குரங்கணிக்குக் கீழேயும் சரிவுதான், ஆற்றோரம் முழுக்கக் கொம்பு இருக்கட்டும்.

முதலில் ஒரு பாலம். அடுத்து, கோபுரத்தைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு பாறை. அங்கே ஆறு ரோட்டை நெருக்கிக்கொண்டு வரும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதைத் தாண்டியதும் மலை இரண்டும் விலகி, போடி தெரியும். முந்தல் ஆலமரம் வரைக்கும் போய்விடாதீர்கள். மலையிலிருந்து இறங்குகிற சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் கொம்பை அவிழ்த்துப் போடுகிற இடம் அது. அங்கே குவிந்து கிடக்கிற கொம்பில் முந்தல் பெண்டுகள் வருஷம் பூரா சோறு பொங்கி, மிச்சத்தில் வெந்நீரும் போட்டுக் குளிக்கிறார்கள். அங்கேதான் உன் அப்பாவின் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். மரம் கண்ணில் படுவதற்கு முன்பே வலது கைப்பக்கம் ஒரு வண்டிப்பாதை பிரியும். மாந்தோப்புகளுக்குள்ளாகவே போய் உங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் முடியும். அந்தப் பாதை முழுக்க மணல். பெடல் கல்லாகக் கனக்கும், மாப்பிள்ளை பயப்பட வேண்டாம், மணலின் குணம் அது.

மத்தியானத்துக்கு முன்னால் வந்தால் அவர் மண்டியில் இருப்பார். பார்த்துவிட்டு வந்த வழியே போய்விடலாம். காற்றுக்கும் தெரியாது.

பால்சாமி

*

நெடும்பாறை
7-2-1955

மாமா,

உங்கள் பாதையை இவர் பாறை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஒன் மாமன் கோபுரங்கிறாரு. அது ஆடு ஏறி நிக்கிற பாறை புள்ள. ஆனா ரோடு அவரு சொன்ன மாதிரிதான் இருக்கு. எதுத்தாப்புல ஒரு ஆளு வரல” என்றார். ஸ்டோரில் இருக்கிற மலையாளி குஞ்ஞப்பன் சேட்டன்கூட, பயப்படாமல் போகச் சொல்லி, “பேடிக்கண்டா மோளே, போயி அம்மயெ கண்டிட்டு வா” என்கிறார். எல்லோருக்கும் என்னைவிடத் தைரியம்.

ஜன்னல் விஷயத்தை எழுதினீர்களே, அது நிஜமா? அன்றைக்கிருந்து அது ஒன்றுதான் மனசில் ஓடுகிறது. ஏலக்காய் பொறுக்குகிறேன், கையில் தரம் மாறி மாறி விழுகிறது. மேஸ்திரி வீரையா இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார்.

பங்குனியில் எஸ்டேட் வேலை ஓய்ந்துவிடும். அப்போது பார்க்கலாம் என்று இவர் சொல்கிறார். நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன். பங்குனி வரைக்கும் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது இல்லையா?

மாமா, ஒரே ஒரு கடிதம் எனக்காக எழுதுங்கள். ஆனை வேண்டாம், கைலாசம் வேண்டாம், ரயில் வேண்டாம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும்.

சந்திரவல்லி

*

போடி
14-2-1955

சந்திரவல்லிக்கு,

அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்று வைத்தியர் சொல்கிறார். கஞ்சி இறங்கவில்லை. இன்று காலை உன் பெயரைச் சொன்னாள்.

வெரசா வா.

பால்சாமி

*

நெடும்பாறை
17-2-1955

மாமாவுக்கு,

தபால் சற்று முன்புதான் கிடைத்தது. கையெழுத்து உங்களுடையதுதானா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு பொய்யாவது இருக்காதா என்று தேடினேன்.

விடிந்ததும் கிளம்புகிறோம். பொதிமாட்டுக்காரர் பிச்சைமணி இப்போது இறங்குகிறார், அவரிடம் இந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். கொல்லைக் கதவைத் தாழ் போட வேண்டாம் என்று முத்துப்பேச்சி அக்காவிடம் சொல்லி வையுங்கள்.

சந்திரவல்லி

*

நெடும்பாறை
20-2-1955

மாமா,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் கடைப்பக்கம் வந்து முகத்தைக்கூடக் காட்ட முடியவில்லை. பெரிய தப்பு நடந்துபோயிற்று. முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கட்டிலில் அவளைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு சிறிதாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் திட்டினாள். “யாரு ஒன்ன வரச்சொன்னது? அந்த மனுசன் சாயங்காலம் எங்கடி போவாரு? கூறு கெட்ட கழுத, புருசனையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கா பாரு” என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டினாள். திட்டிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டு நின்ற பிறகும் விடவில்லை. கதவோரம் நின்ற இவரைப் பார்த்து, “என்ன இப்படி எளச்சுப் போயிருக்காரு? மேல சோறு கெடைக்கலையா?” என்று என்னிடம் கேட்டாள். நான் கஞ்சி கொடுத்தேன். கொஞ்சம் இறங்கியது. “போ, போ” என்று சொல்லிக்கொண்டேதான் பிடித்திருந்தாள். கடைசியில் முத்துப்பேச்சி அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

வெளியே வந்தால் இவர் சைக்கிள் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறார். “சந்திரா, கொம்பு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கேரியருக்குப் பின்னால் கொம்பு கட்டினபடியே கிடந்தது. எப்போதும் முந்தல் ஆலமரத்தடியில்தானே இறங்கி அவிழ்த்துப் போடுவோம்? மரத்தைப் பார்த்தால்தான் கைக்கு ஞாபகம் வரும். உங்கள் பாதையில் அந்த மரமே வரவில்லை. மணலில் வண்டி கனத்தது. அது மணலின் குணம் என்று நீங்கள் எழுதியிருந்ததால் இவர் திரும்பியே பார்க்கவில்லை. நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கும் தெரியவில்லை.

தோப்பில் ஆரம்பித்துக் கொல்லைக் கதவு வரைக்கும் மலைப்பாம்பு ஊர்ந்த மாதிரி ஒரே தடம். மலையிலிருந்து சைக்கிளில் ஆள் வந்திருக்கிறது என்று போடியில் யாருக்குத்தான் தெரியாது? இவர் கொம்பை அவிழ்த்துச் சுவரில் சாத்திவிட்டு, காலால் கொஞ்ச தூரம் அழித்தார். அதற்குள் தோப்புக்குள் யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. ஏறிக்கொண்டு வந்துவிட்டோம். தோப்பு தாண்டுகிற வரைக்கும் அந்தத் தடம் எங்களுக்கு முன்னால் நீண்டு கிடந்தது மாமா. அதன் மேலேயே வந்தோம்.

அப்பா பார்த்திருப்பார். அவருடைய தம்பி வெள்ளைத்துரைச் சித்தப்பாவின் தோப்பு வழியாகத்தானே பாதை? அவர் பார்த்தாலே போதும். அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டாரா? அம்மா தனியாகக் கிடக்கிறாளா? போகவே கூடாது என்று முதலிலேயே சொன்னேன். போகாமலும் இருக்க முடியவில்லை.

உடனே எழுதுங்கள். இந்தத் தடவையும் ஆனை வேண்டாம்.

சந்திரவல்லி

*

போடி
24-2-1955

மருமகளே,

உன் அம்மா இருக்கிறாள். நீ கொடுத்த கஞ்சிக்குப் பிறகு, தினமும் இரண்டு வாய் இறங்குகிறது. வைத்தியர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி எழுதுவதில் கூட்டியது எதுவும் இல்லை. கூட்டத்தான் எனக்கும் ஆசை. இது அப்படியே இருக்கட்டும் என்று பேனாவை அடக்கிப் பிடித்திருக்கிறேன்.

நீங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெள்ளைத்துரை தடத்தைப் பார்த்துவிட்டான். மண்டிக்கு ஓடிப்போய், “அண்ணே, மேலருந்து எவனோ கொம்போட ஒங்க கொல்ல வரைக்கும் வந்திருக்கான்” என்று மூச்சிரைக்கச் சொன்னானாம். மண்டியில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். உன் அப்பா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “வெறகுக்காரி இழுத்துட்டுப் போயிருப்பா. நீ சிலமலைக்குப் போயி சாக்கு வந்துச்சான்னு பாரு. அதான் ஒன் சோலி” என்று அவனை விரட்டிவிட்டார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகத் தோப்புப் பக்கம் போயிருக்கிறார். இது மண்டி ஆள் மொக்கச்சாமி என்னிடம் சொன்னது.

அடுத்தது முத்துப்பேச்சி சொன்னது. உன் அம்மா உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் கொல்லைக்குத் தண்ணீர் எடுக்க வந்திருக்கிறாள். உன் அப்பா கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். சைக்கிளையும் கொம்பையும் பார்த்துக்கொண்டு நின்றாராம். இவளைக் கண்டதும், பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் தோப்புக்குள் போய்விட்டார். செருமியது அவராகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைத்துரை அதற்குள் சிலமலைப் பாதையில் பாதி தூரம் போயிருப்பான்.

நீங்கள் போன பிறகு வந்தார். சுவரில் சாத்தியிருந்த கொம்பை எடுத்தார். கதவடியில் ஆரம்பித்து, குனிந்து, அந்தக் கொம்பாலேயே தடத்தைக் கலைத்துக்கொண்டே போனார். தோப்பு முடிகிற வரைக்கும் போனார் என்கிறாள். வேலையாள் யாரையும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்து வீட்டுக்குள் போனார். தலைவாசல் வழியாக இல்லை. கொல்லைக் கதவு வழியாக. அன்றிலிருந்து அப்படித்தான் போகிறார், வருகிறார். முன்பக்கம் யாராவது கூப்பிட்டால் கொல்லை வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து பேசுகிறார். சொன்ன சொல் சொன்னபடி நிற்கிறது. தலைவாசலை அவர் மிதிக்கவில்லை. உன் அம்மா கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரித்தால் இருமல் வருகிறது, ஆனாலும் சிரிக்கிறாள்.

நேற்று என் கடைக்கு வந்தார். மூன்று வருஷத்தில் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனுஷர். நான் ஸ்டூலை விட்டு எழுந்து, “வாங்க மச்சான்” என்றேன். உட்காரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கொம்பு சின்னது. ரெண்டு ஆளு கனத்துக்கு அது காணாது. பெருசா வெட்டிக் கட்டச் சொல்லு.”

போய்விட்டார். அவர் அழுத்திப் பார்த்த டயரை நானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

பால்சாமி

*

நெடும்பாறை
27-2-1955

மாமா,

உங்கள் கடிதத்தை இவர் வாசித்துவிட்டு, “ஒன் மாமன் நம்ம ஆறுதலுக்காகக் கட்டிவிட்ட கதையா இருக்கும் புள்ள. நம்பிப் போயி நிக்கக்கூடாது” என்றார். ராத்திரி சோறுகூட இறங்கவில்லை இவருக்கு.

நான் நம்புகிறேன். இது உங்கள் கற்பனை என்றால் அப்பா ஓவென்று அழுதிருப்பார். அவர் கண்ணீரில் கொட்டகுடி ஆறு கரை புரண்டிருக்கும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பார். ஆனைகூட வந்து கண்ணைத் துடைத்துவிட்டிருக்கும். கொம்பு சின்னது என்று சொல்லிவிட்டுப் போக உங்கள் கதையில் யாருக்கும் வராது மாமா. அது அப்பாவுக்குத்தான் வரும்.

இதை இவரிடம் சொன்னேன். அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போயிருக்கிறார். வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. வெகுநேரமாக ஒரே இடத்திலிருந்து வருகிறது. பெரிய கொம்புதான்.

பிச்சைமணி இன்றைக்கும் இறங்குகிறார், இதை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவைப் பிடித்து வையுங்கள். நாளைக் காலையில் இறங்குகிறோம்.

சந்திரவல்லி